மதுவும் மனப்பதற்றமும்: கடனாய்ப் பெறும் அமைதி

கையொப்பம் மாதிரிக் கையொப்பத்துடன் பொருந்தவில்லை என்பது வங்கிக் கவுண்டரில் அடிக்கடி எழும் சிக்கல்களுள் ஒன்று. கோவிந்தாபுரம் பகுதியில் நான் பணியாற்றிய நாட்களில், மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுக்கும் வாடிக்கையாளர் ஒருவருக்கு இச்சிக்கல் ஒரே மாதத்தில் மூன்று முறை நேர்ந்தது. மூன்று முறையும் அவர் வந்தது காலை பத்து மணிக்கு. பேனாவைப் பிடித்த விரல்கள் நடுங்கின, நெற்றி வியர்த்தது. நான்காம் முறை அவர் பிற்பகலில் வந்தார். கையொப்பம் அச்சுப் போலப் பொருந்தியது.

அவரை அறைக்குள் அழைத்து அமரச் செய்து, உடல்நலம் சரியில்லையா என்று வினவினேன். “உடம்புக்கு ஒண்ணும் இல்லீங்க சார். பூ கொட்டிப் போச்சு, தவணை நிக்குது. விடிகாலை மூணு மணிக்கு முழிப்பு வந்தா நெஞ்சு படபடன்னு அடிக்குது. அந்தப் பயம் போகத்தான் கொஞ்சம் குடிக்கிறேன்” என்றார். பயம் போகக் குடிப்பதாக அவர் நம்பினார். குடிப்பதாலும் அந்தப் பயம் வரக்கூடும் என்பதை அவரிடம் யாரும் சொன்னதில்லை. எனக்கும் அப்போது தெரியாது. பின்னர் மருத்துவரிடம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை, அவருடைய இசைவுடனும், அவரை அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிர்த்தும், நம் வாடிக்கையாளர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எல்லைக்கு இருபுறமும்

கொல்லங்கோட்டிலிருந்து பொள்ளாச்சி செல்லும் வழியில் கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்கும் இடம் கோவிந்தாபுரம். முதலமடை மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் சூழ்ந்த, தமிழும் மலையாளமும் ஒருங்கே ஒலிக்கும் பகுதி இது. சித்தூர் வட்டத்துத் தென்னைகளில் இறக்கப்படும் கள் கேரளத்தின் பிற மாவட்டங்களுக்கும் செல்கிறது. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் கள் 1987 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. ஆனால் 2003 முதல் டாஸ்மாக் நிறுவனமே சில்லறை மது விற்பனையை நடத்துகிறது. கேரளத்தில் சாராயம் 1996 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து தடை செய்யப்பட்டது. கள்ளும் பிற மதுவகைகளும் கிடைக்கின்றன. கேரளத்தில் மாதத்தின் முதல் நாள் மதுக்கடைகளுக்கு விடுமுறை. எல்லைக்கு அப்பால் அவ்விதி இல்லை. ஆக, இங்கு வாழ்பவருக்கு மது கைக்கெட்டாத நாள் என்று ஒன்று அரிது. சட்டம் எல்லைக்கு எல்லை மாறுகிறது. மதுவை ஏற்கும் உடலின் விதியோ இருபுறமும் ஒன்றே.

மூளையில் நடப்பது என்ன?

நம் மூளையில் வேகத்தைக் கூட்டும் வேதிப்பொருளும் உண்டு, குறைக்கும் வேதிப்பொருளும் உண்டு. குளுட்டமேட் என்பது நரம்புகளைத் தூண்டுவது. காபா என்பது அவற்றை அமைதிப்படுத்துவது. மலைப்பாதையில் இறங்கும் பேருந்துக்கு ஆக்ஸிலேட்டரும் பிரேக்கும் போல இவ்விரண்டும் சமநிலையில் இயங்குகின்றன. மது உள்ளே சென்றதும் காபாவின் விளைவைக் கூட்டுகிறது. குளுட்டமேட்டின் விளைவைக் குறைக்கிறது. அதனால்தான் முதல் அரை மணி நேரத்தில் தோள்கள் தளர்கின்றன, கவலை விலகியது போலத் தோன்றுகிறது. இந்த அமைதி பொய்யன்று. ஆனால் அது இரவல்.

மூளை எப்போதும் சமநிலையை நாடுவது. வெளியிலிருந்து ஒருவர் நாள்தோறும் பிரேக்கை அழுத்தினால், அது தன் சொந்தப் பிரேக்கைத் தளர்த்திக்கொள்கிறது. ஆக்ஸிலேட்டரைச் சற்று அழுத்தியும் வைத்துக்கொள்கிறது. மது இரத்தத்திலிருந்து நீங்கியதும் மிஞ்சுவது தளர்ந்த பிரேக்கும் அழுத்திய ஆக்ஸிலேட்டரும்தான். இதயத்துடிப்பு கூடுகிறது, வியர்க்கிறது, கை நடுங்குகிறது, காரணமற்ற அச்சம் எழுகிறது. மன அழுத்தக் காலங்களில் உடல் சுரக்கும் கார்ட்டிசால் போன்ற நெருக்கடிச் சுரப்புகளும் இந்நேரத்தில் உயர்கின்றன. நீரிழப்பும், உண்ணாமல் குடித்திருந்தால் இரத்தச் சர்க்கரைக் குறைவும், படபடப்பை மேலும் கூட்டும்.

இந்த அச்சம் எழும்போது நினைவுக்கு வருவது முந்தைய இரவின் கோப்பையன்று. நிலுவையிலுள்ள தவணை, மகளின் திருமணம், கொட்டிப்போன பூ. உடல் எழுப்பிய அச்சத்துக்கு மனம் ஒரு காரணத்தைத் தேடிக் கொடுக்கிறது. காரணம் உண்மையானதாகவே இருப்பதால், அச்சமும் முழுவதும் அதனால் வந்தது என்று நம்பிவிடுகிறோம். மாலையில் மீண்டும் மது அமைதி தருகிறது. வாங்கிய கடனை அடைக்கப் புதுக் கடன் வாங்குவது எங்கு கொண்டுபோய் விடும் என்பதை வங்கி வாடிக்கையாளர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

விடியற்காலை மூன்று மணிக் கணக்கு

அந்த வாடிக்கையாளர் சரியாக மூன்று மணிக்கு விழித்தெழுந்ததற்கும் ஒரு கணக்கு உண்டு. ஏறத்தாழ 10 கிராம் தூய ஆல்கஹாலை ஓர் அலகு என்று கொள்வது வழக்கம். 42.8 சதவீத வலிமையுள்ள பிராந்தி, விஸ்கி, ரம் ஆகியவற்றில் 30 மி.லி. அளவே ஓர் அலகு. அவ்வாறெனில் 180 மி.லி. கொண்ட ஒரு குவார்ட்டர் ஆறு அலகு. 650 மி.லி. பீர் புட்டியில், 5 சதவீத வலிமையாயின், சுமார் இரண்டரை அலகு. 8 சதவீத வலிமையாயின் நான்கு அலகு. கள்ளிலும் இருப்பது இதே ஆல்கஹால்தான். மரத்திலிருந்து இறங்கிய பின் நேரம் செல்லச்செல்ல நொதித்து அதன் வலிமை கூடுகிறது. ‘இயற்கையானது, உடம்புக்குக் குளிர்ச்சி’ என்பதால் கணக்கு மாறிவிடாது.

கல்லீரல் மணிக்கு ஏறத்தாழ ஓர் அலகு மதுவையே கழிக்க வல்லது. இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கி ஒரு குவார்ட்டரை முடித்தவரின் உடலிலிருந்து அது முற்றிலும் நீங்கும் நேரம் விடியற்காலை மூன்று மணியை ஒட்டி அமைகிறது. தளர்ந்த பிரேக்குடன் மூளை விழித்துக்கொள்ளும் நேரமும் அதுவே. எடை, பாலினம், கல்லீரலின் நிலை ஆகியவற்றுக்கேற்ப ஒருமணி முன்பின் ஆகலாம். பெண்களுக்கு அதே அளவு மது கூடுதலான பாதிப்பைத் தரும்.

‘தூக்கத்துக்காகக் குடிக்கிறேன்’ என்பவர்களும் இக்கணக்கை அறிய வேண்டும். மது விரைவில் கண்ணயரச் செய்யும் என்பது உண்மை. ஆனால் இரவின் பிற்பாதியில் தூக்கத்தை அது துண்டுதுண்டாக்குகிறது. கனவுகள் தோன்றும் உறக்கநிலையையும் குலைக்கிறது. மனத்தின் சுமையை ஆற்றும் உறக்கத்தின் பகுதியே இவ்வாறு குறைவதால், மறுநாளின் பதற்றம் உறக்கமின்மையாலும் வளர்கிறது.

முன்பே பதற்றம் உள்ளவர்கள்

கூட்டத்தில் பேச அஞ்சுபவர், காரணமின்றித் திடீர்ப் பீதிக்கு ஆளாகுபவர், எதற்கும் ஓயாது கவலைப்படுபவர் ஆகியோர் பிறரைக் காட்டிலும் மதுவை நாடும் வாய்ப்பு அதிகம். அதற்கு அடிமையாகும் அபாயமும் அதிகம். பதற்றம் முந்தியதா, மது முந்தியதா என்பதைப் பேச்சளவில் பிரித்தறிய இயலாது. மனநல மருத்துவர்கள் இதற்கு ஓர் எளிய அளவுகோலைக் கையாளுகின்றனர். மதுவை விட்டபின் ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் பதற்றம் தணிந்தால், அது பெரும்பாலும் மதுவால் விளைந்தது. ஒரு மாதம் கடந்தும் நீடித்தால், அது தனியே சிகிச்சை பெற வேண்டிய மனப்பதற்ற நோயாக இருக்கக்கூடும். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. ஆனால் மது தொடரும்வரை இரண்டையும் பிரித்தறியவோ முழுமையாகக் குணப்படுத்தவோ முடிவதில்லை. மனப்பதற்றத்துக்கோ தூக்கத்துக்கோ மருத்துவர் தந்த மாத்திரையை மதுவுடன் சேர்த்து உட்கொள்வது மூச்சை அடக்கி உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதையும் நினைவில் கொள்க.

குறைக்க வேண்டியவர் யார்?

‘அளவோடு குடித்தால் நல்லது’ என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. உடல்நலத்துக்குத் தீங்கற்றது என்று கூறத்தக்க மதுவின் அளவு எதுவுமில்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவுபடுத்தியது. ஆகவே குடிக்காதவர் தொடங்கக் காரணமில்லை. கருவுற்ற பெண்கள், கல்லீரல் நோயாளிகள், மேற்கூறிய மாத்திரைகளை உட்கொள்பவர்கள் ஆகியோருக்கு உகந்த அளவு சுழியமே.

குடிப்பவர் தம் நிலையை அறிய, அதே நிறுவனம் உருவாக்கிய ‘ஆடிட்’ என்னும் பத்து வினாப் பட்டியல் உலகெங்கும் பயன்படுகிறது. எத்தனை நாளுக்கொருமுறை குடிக்கிறீர், ஒரு நாளில் எவ்வளவு, தொடங்கியபின் நிறுத்த முடியாமல் போனதுண்டா, காலையில் எழுந்ததும் குடித்தால்தான் இயங்க முடிகிறதா, குற்றவுணர்வு எழுகிறதா, குறைத்துக்கொள்ளுமாறு உறவினரோ மருத்துவரோ கூறியதுண்டா என்ற வகையில் வினாக்கள் அமைந்துள்ளன. மொத்த மதிப்பெண் 40. எட்டு அல்லது அதற்கு மேல் பெற்றால், மது தீங்கு தரும் நிலையை எட்டியுள்ளது என்று பொருள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இதைச் செய்துகொள்ளலாம்.

நீங்கள் தனியர் அல்லீர். மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகின்றனர், அவர்களுள் 5.7 கோடிப் பேருக்கு மதுவால் விளைந்த சிக்கல்களுக்கு உதவி தேவைப்படுகிறது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றிருந்தார். எஞ்சிய 37 பேரைத் தடுப்பவற்றுள் வெட்கமும் ஒன்று.

வெட்கத்துக்கு இதில் இடமில்லை என்பதற்கு நம் மாநில எல்லைக்கு அப்பால், சென்னையிலேயே சான்று உண்டு. புகழ்பெற்ற தொழிற்குடும்பத்தைச் சேர்ந்த சாந்தி ரங்கநாதன், தம் கணவரை மதுவுக்கு இளம் வயதில் பறிகொடுத்தவர். 1980-இல் கணவரின் பெயரால் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையை நிறுவி, குடிநோயாளிகளுக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனையைத் தொடங்கினார். மறைக்க வேண்டிய இழுக்கு என்று ஊர் கருதியதை நோய் என்று அறிவித்து மருத்துவமனை கட்டிய அவருக்கு 1992-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

ஒரே நாளில் நிறுத்தலாமா?

இவ்விடத்தில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். எப்போதாவது குடிப்பவர் இன்றே நிறுத்தலாம். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரும், காலையில் கைநடுக்கம் காண்பவரும் மருத்துவர் துணையின்றி ஒரேயடியாக நிறுத்தலாகாது. கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்துக்குப் பின் நடுக்கமும் படபடப்பும் தொடங்கும்; இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரலாம்; இரண்டாம் மூன்றாம் நாளில் மனக்குழப்பமும், இல்லாத உருவங்கள் தென்படுவதும், கடுங்காய்ச்சலும் ஏற்பட்டு உயிருக்கு ஆபத்து நேரலாம்.

கேரளம் இதை 2020-இல் கண்கூடாகக் கண்டது. மார்ச் இறுதியில் ஊரடங்கு தொடங்கி மதுக்கடைகள் மூடப்பட்ட சில நாட்களுக்குள், மது கிடைக்காத தவிப்பில் உயிர்நீத்தவர்களைப் பற்றிய செய்திகள் பல மாவட்டங்களிலிருந்து வந்தன. மார்ச் 30 அன்று, மருத்துவர் சான்று அளிப்பவர்களுக்கு மது வழங்கலாம் என மாநில அரசு ஆணையிட்டது. மருத்துவர் சங்கங்கள் இதை எதிர்த்தன. மதுவை நிறுத்தும்போது எழும் துன்பத்துக்கு மருந்து மதுவன்று, அதற்கென முறையான சிகிச்சை உண்டு என்பது அவர்கள் வாதம். ஏப்ரல் 2 அன்று உயர் நீதிமன்றம் அந்த ஆணைக்கு இடைக்காலத் தடை விதித்தது. திடீரென நிறுத்துவது ஆபத்து. அந்த ஆபத்தைக் கடக்க மருத்துவம் உண்டு. இவ்விரண்டு உண்மைகளையும் அந்த நாட்கள் சேர்த்தே உணர்த்தின. மருத்துவக் கண்காணிப்பில் சில நாட்கள் தரப்படும் மாத்திரைகளும், பி1 வைட்டமினும் பெரும்பாலோரைப் பாதுகாப்பாகக் கரைசேர்க்கின்றன.

குறைக்கும் வழிகள்

அடிமைநிலையை எட்டாதவர்கள் கீழ்க்கண்டவாறு தொடங்கலாம்.

முதலாவது, கணக்கு எழுதுதல். இரண்டு வாரங்களுக்கு ஒரு சிறு குறிப்பேட்டில் என்று, எத்தனை மணிக்கு, எத்தனை அலகு, எந்த மனநிலையில் குடித்தீர்கள் என்று எழுதுங்கள். மறுநாள் காலைப் பதற்றத்துக்குச் சுழியம் முதல் பத்து வரை மதிப்பெண் இடுங்கள். இரண்டு பத்திகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பிறர் அறிவுரை தேவைப்படாது.

இரண்டாவது, அளவு. நேரே ஊற்றாமல் அளந்து ஊற்றுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம். இடையிடையே தண்ணீர் அருந்துங்கள். வாரத்தில் சில நாட்களை மதுவற்ற நாட்களாக முன்கூட்டியே குறித்து, வீட்டாரிடமும் சொல்லிவிடுங்கள். வீட்டில் இருப்பு வைக்காதீர்கள்.

மூன்றாவது, காரணம். அச்சமும் கோபமும் மிகுந்த நேரத்தில் குடிப்பதில்லை என்ற ஒரே விதியைக் கடைப்பிடித்தாலே பாதி வழி கடந்தாயிற்று. அந்நேரத்துக்கென வேறொன்றைக் கைவசம் வைத்திருங்கள்: தோப்பைச் சுற்றி அரைமணி நடை, மெல்ல மூச்சை வெளியிடும் பயிற்சி, மனம்விட்டுப் பேச ஒருவர். குடிக்கும் வேட்கை அலைபோல எழுந்து சிறிது நேரத்தில் தணிவது. அதுவரை தள்ளிப்போடுவதே பயிற்சி.

நான்காவது, முழு ஓய்வு. முடிந்தால் நான்கு வாரங்கள் முற்றிலும் தவிர்த்துப் பாருங்கள். முதல் வாரம் உறக்கம் சற்றுக் குறையலாம். அதைக் கண்டு மனம் தளர வேண்டாம்.

மிச்சமாகும் தொகையையும் கண்ணெதிரே காண்பது நல்லது. நாளொன்றுக்கு 150 ரூபாய் செலவாயின் ஆண்டுக்கு 54,750 ரூபாய். மாதம் 4,500 ரூபாயைத் தொடர் வைப்புக் கணக்கில் செலுத்தினால், வட்டியைச் சேர்க்காமலே ஐந்து ஆண்டில் 2,70,000 ரூபாய்.

காப்பீடு பற்றியும் ஒரு சொல். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல்நோய்க்கு அளிப்பது போலவே மனநோய்க்கும் காப்பீடு அளிக்க வேண்டும் என்கிறது. ஆயினும் குடிப்பழக்கத்துக்கான சிகிச்சையைப் பல பாலிசிகள் விலக்கியுள்ளன, விதிமுறைகளைப் படித்தறிக. காப்பீட்டு விண்ணப்பத்தில் குடிப்பழக்கத்தை மறைப்பது, பின்னர் குடும்பத்தார் இழப்பீடு கோரும்போது அவர்களுக்கே இடராக முடியலாம்.

உதவி எங்கே?

மத்திய அரசின் டெலி-மனஸ் மனநல உதவி எண் 14416. இருபத்து நான்கு மணி நேரமும் கட்டணமின்றி, தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். போதைப்பழக்கத்துக்கென தேசிய உதவி எண் 14446. கேரள அரசின் ‘விமுக்தி’ இயக்கத்தின் எண் 14405. இவ்வியக்கத்தின் கீழ் மாவட்டந்தோறும் போதை மீட்பு மையங்கள் இயங்குகின்றன. குடியை விட்டவர்களே ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ கூட்டங்களுக்குக் கட்டணமோ, பெயர் வெளியிடும் கட்டாயமோ இல்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினால் ஒரு நாளும் காத்திராமல் உடனே உதவி நாடுங்கள்.

நம் வாடிக்கையாளர் அரசு மருத்துவமனைக்குச் சென்றார். காலை நடுக்கம் இருந்ததால் மருத்துவர் அவரைச் சில நாட்கள் உள்நோயாளியாக வைத்திருந்து மதுவை நிறுத்தினார். ஒரு மாதத்துக்குப் பின் விடியற்காலைப் படபடப்பு வெகுவாகத் தணிந்துவிட்டது என்றார். கவலை தீரவில்லை, ஏனெனில் கடன் தீரவில்லை. ஆனால் கடனைப் பற்றிப் பேச அவர் முதன்முறையாகத் தம் மனைவியையும் அழைத்துக்கொண்டு, தோப்புக் கணக்குகளுடன் கிளைக்கு வந்தார். தவணைக் காலத்தை மாற்றியமைக்க விண்ணப்பித்தோம்.

இதை வங்கி அலுவலர் என்ற முறையில் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். தவணை தவறுவதற்கு முன்னரே கிளைக்கு வாருங்கள். இயற்கைச் சீற்றத்தால் பயிர் இழந்தோரின் கடனைச் சீரமைக்க ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகள் இடமளிக்கின்றன. பிற சூழல்களிலும் பேசித் தீர்க்க வழிகள் உண்டு. உங்கள் கவலையின் பாதி நிலுவைத் தொகையைப் பற்றியதாக இருந்தால், அதைப் பகல் வேளையில் எங்கள் மேசையில் வைத்து இருவருமாகப் பார்க்கலாம். மறுபாதி மதுவால் வந்ததா என்பதை அறிய, இன்றிரவே அந்தக் குறிப்பேட்டைத் தொடங்குங்கள்.